வரிக்கு அளந்த மண்ணைப் பயிர்க்கு அளப்பது எந்நாள்?

நிலத்தை உடையவன் எல்லாம் நிலத்தை அறிந்தவன் ஆகான். எத்தனை ஏக்கர், எந்தப் புல எண், எவை எல்லைகள் என்பன உடைமையைப் பற்றிய அறிவு. எத்தனை அடி ஆழத்திற்கு மண் உள்ளது, எவ்வளவு நீரைத் தாங்கும், எந்த வேரை ஏற்கும், எந்த வேரை மறுக்கும் என்பன நிலத்தைப் பற்றிய அறிவு. முன்னதற்குத் தமிழகத்தில் பல நூற்றாண்டுப் பதிவேடுகள் உண்டு. பின்னதற்கோ, இன்றளவும் உழவன் கையிற் கொடுக்கத் தக்க ஒழுங்கானதொரு படம் இல்லை. இக்குறையால் வரும் கேடு எத்தகையது என்பதையும், அதனைத் தீர்ப்பதில் தமிழுக்கு உள்ள பங்கு யாது என்பதையும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து எண்ணிப் பார்த்தல் தகும்.

மேற்கு மலைத்தொடருக்கும் வருசநாட்டு மலைகட்கும் இடையே, கூடலூர் தொடங்கித் தேனி நோக்கிச் சரிந்து கிடப்பது இப்பள்ளத்தாக்கு. மேற்கே வீழ்ந்து கடலிற் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீர், பென்னிகுயிக்கு என்னும் பொறியாளர் கட்டிய அணையால் தடுக்கப்பெற்று, மலையைக் குடைந்த வழியே கிழக்கே திருப்பப்பெற்ற ஆண்டு 1895. அந்நீரை உண்டு, இருபோகம் என ஊரார் வழங்கும் இருபூ நெல் விளையும் நிலம் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் என்பது பொதுப்பணித் துறையின் கணக்கு. நெல்லுக்கு மேலே வாழையும் தென்னையும், அவற்றுக்கு அப்பால் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி முதலிய ஊர்களிற் பந்தல் பந்தலாகக் கொடிமுந்திரி, போடி மலையில் ஏலம், பெரியகுளத்தில் மா, வருசநாட்டில் இலவு, ஆண்டிபட்டிப் பக்கத்தில் வானம்பார்த்த சோளமும் பயறும். ஒரே மாவட்டத்தில், ஒருநாட் செலவிற்குள், குறிஞ்சியும் முல்லையும் மருதமும் அடுத்தடுத்துக் காணக் கிடைப்பது அரிது. தேனிக்கு அவ்வாய்ப்பு உண்டு.

கொடிமுந்திரியாகிய திராட்சையைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். பன்னீர்த் திராட்சை என மக்கள் வழங்கும் வகை, பிரெஞ்சு நாட்டுச் சமயத் தொண்டர் ஒருவரால் 1832இல் தமிழகத்திற்கு வந்தது என்பர். 2023இல் 'கம்பம் பன்னீர்த் திராட்சை' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டின் பொருள் யாது? ஒரு விளைபொருளின் பண்பு அது விளையும் மண்ணோடும் நீரோடும் காற்றோடும் பிரிக்கவொண்ணாவாறு கட்டுண்டது என்று சட்டமே ஒப்புக்கொள்வதுதான். மண்ணே பயிரின் தன்மையை வரையறுக்கின்றது என்னும் உண்மை சென்னைப் பதிவகத்தில் ஏறிவிட்டது. அவ்வுண்மை உழவனின் வயல்வரப்பிற்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே வருத்தத்திற்குரியது.

இப்பள்ளத்தாக்கின் மண் ஒன்றன்று. ஆற்றோரப் படுகையில் வண்டலும் களியும், சற்றே மேலேறினால் செவல், மலையடியிற் சரளை, இடையிடையே கரிசல் திட்டுகள், சிலவிடங்களில் மேலே நல்ல மண்ணும் கீழே சுக்கானுமாய் ஏமாற்றும் நிலங்கள். ஒரு வாய்க்காலின் இப்புறம் உள்ள மண் அப்புறம் இல்லை. ஒருவர் தோட்டத்திலேயே கிழக்குப் பாத்தி ஒன்றாகவும் மேற்குப் பாத்தி வேறொன்றாகவும் இருத்தல் உண்டு.

ஆயினும் பயிரைத் தேர்வது எவ்வாறு நடைபெறுகின்றது? பக்கத்துத் தோட்டத்தான் வாழை வைத்து நல்ல விலை பெற்றான் என்றால் அடுத்த ஆண்டு சுற்றுப்புறமெல்லாம் வாழை. தேங்காய் விலை ஏறிற்று என்றால் வயலெல்லாம் தென்னை. விலை ஓராண்டில் ஏறும். மறு ஆண்டில் இறங்கும். நட்ட தென்னையோ நாற்பது ஐம்பது ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும். கொடிமுந்திரிக்குப் பந்தல் அமைக்கக் கல்லும் கம்பியுமாகப் பெரும்பொருள் முன்னரே செலவாகிவிடுகின்றது. மண் ஒவ்வாதென்பது மூன்றாம் ஆண்டில் தெரிய வந்தால், அக்கடனை அடைப்பவர் யார்?

பயிர்க்குப் பயிர் மண்ணின் தேவை எவ்வளவு முரண்படுகின்றது என்பதற்கு நெல்லையும் கொடிமுந்திரியையும் ஒப்பிட்டாற் போதும். நெல் நீரைப் பிடித்து நிறுத்தும் களிமண்ணை விரும்புவது. கொடிமுந்திரியோ நீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து வாடுவது. நீர் நன்கு வடியும் ஆழமான மணற்கலப்பு மண்ணையும், காடித்தன்மையும் காரத்தன்மையும் மிகாது ஏறத்தாழ நடுநின்ற நிலையையும், உப்புக் குறைவையும் வேண்டுவது. ஒன்றற்குச் சிறப்பாவது மற்றொன்றற்குக் குற்றமாகின்றது. நிலத்தில் 'நல்ல மண்', 'கெட்ட மண்' என்று பொதுப்படக் கூறுதற்கு இடமில்லை. எதற்கு நல்லது என்பதே வினா.

இன்னும் நுணுகிப் பார்த்தால், வயல் தோட்டமாக மாறும்போது ஒரு தனிச் சிக்கல் எழுகின்றது. பல்லாண்டுகள் சேறடித்து நெல் நட்ட வயலில், உழுபடைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில், மண் இறுகி ஒரு தட்டாக அமைந்துவிடும். நெல்லுக்கு அத்தட்டு நன்மையே. நீர் கீழிறங்காமல் தாங்கும். அதே வயலில் வாழையோ தென்னையோ கொடியோ வைத்தால், வேர் அத்தட்டில் முட்டித் திரும்பும். மழைநீர் மேலேயே நிற்கும். மேலே பசுமையாக எழுந்த கன்று, காரணம் தெரியாமல் மெலியும். உழவர் உரத்தைக் கூட்டுவார். நோய் என்று மருந்தடிப்பார். குறையோ உரத்திலும் இல்லை, நோயிலும் இல்லை. ஒரு சாண் கீழே இருக்கின்றது.

சுக்கான் மிகுந்த நிலத்தில் நேர்வது வேறொன்று. அங்கு மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுதியால் அது வேருக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தழைச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும். ஆனால் அது முதிர்ந்த இலையில் தொடங்கும். இவ்வேறுபாடு அறியாதார் மஞ்சளைக் கண்டவுடன் யூரியாவை வாரி இறைப்பர். பொருளும் போகும், மண்ணும் கெடும், மஞ்சளும் மாறாது.

மண்ணை வகைப்படுத்தும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. நிலத்தை நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய உணவையும் மரத்தையும் விலங்கையும் தொழிலையும் கருப்பொருளாக இணைத்து வைத்தது தொல்காப்பிய மரபு. நிலம் இது, ஆகலின் விளைவு இது என்னும் எண்ணமே திணைக்கோட்பாட்டின் அடித்தளம். பின்னர்ச் சோழர் காலத்தில், முதலாம் இராசராசன் ஆட்சியில், கி.பி. 1001ஐ ஒட்டி நாடு முழுதும் நிலம் அளக்கப்பெற்றது. வேலியின் மிக நுண்ணிய கூறுகள் வரை கணக்கிட்டதைத் தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அளந்ததோடு நில்லாமல் விளைவிற்கேற்ப நிலத்தைத் தரம் பிரித்தனர். 'தரம்' என்னும் அச்சொல் ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் வருவாய்த்துறை ஏட்டில் உயிரோடு உள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மறுபடியும் புலந்தோறும் மண் பார்க்கப்பெற்றது. வண்டல், கரிசல், செம்மண், மணற்பாங்கு எனப் பிரித்து, களி, இருபொறை, மணல் என உட்பிரித்து, ஒவ்வொரு புலத்திற்கும் எண் இட்டனர். இன்றும் ஊர்க்கணக்கில் உள்ள 'அ' பதிவேட்டைப் புரட்டினால், புல எண்ணுக்கு நேரே 'மண் வயனமும் ரகமும்' என்றொரு கட்டமும், 'மண் தரம்' என்றொரு கட்டமும் இருக்கக் காணலாம். அவற்றில் '7-2', '8-3' என்பன போன்ற எண்கள் நிற்கும். தேனி மாவட்டத்து உழவர் பல்லாயிரவர், தம் பெயரிலுள்ள நிலத்திற்கு அரசே இட்ட மண்ணெண் ஒன்று உண்டென்பதை அறியார். அறிந்தாரும் அதன் பொருளைக் கேட்டறிய இடமில்லை.

அம்மண்ணெண் எதற்காக இடப்பெற்றது? எந்நிலத்தில் எவ்வளவு விளையும், செலவு நீக்கி எஞ்சுவது எவ்வளவு, அதில் அரசு எடுத்துக்கொள்ளக் கூடியது எவ்வளவு என்று கணிப்பதற்காக. நிகர விளைவிற் பாதி அரசுக்கு என்பது அந்நாளையக் கணக்கு. அரசனும் அளந்தான், அயலானும் அளந்தான், இருவரும் அளந்தது பெரிதும் வரிக்காகவே. உழவன் நலங் கருதி, இம்மண்ணில் இது நடுக, இது தவிர்க்க என்று கூறுதற்காக அளக்கப்பெற்றதில்லை. தீர்வை இன்று பெயரளவிற்குச் சுருங்கிவிட்டது. தீர்வைக்காகப் பிறந்த கட்டம் மட்டும் ஏட்டில் ஊமையாய் நிற்கின்றது.

விடுதலைக்குப் பின் நிலை மாறவில்லையா எனின், மாறியது; ஆனால் உழவனின் வரப்பு வரையில் வரவில்லை. 1976இல் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு நடுவணரசின் மண்ணளவை, நிலப்பயன்பாட்டு நடுவம் அமைந்தது. 1986 தொடங்கி மாநிலந்தோறும் மண்படம் எடுக்கும் பணி நடைபெற்றது. அப்படத்தின் அளவு இரண்டரை இலக்கத்திற்கு ஒன்று. அஃதாவது படத்தில் ஒரு செ.மீ. என்பது நிலத்தில் இரண்டரைக் கிலோமீட்டர். ஒரு சதுர செ.மீ. என்பது 625 எக்டர். அவ்வளவின்படி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபூ நிலமும் ஏறத்தாழ ஒன்பதரைச் சதுர செ.மீ. பரப்பில் முடிந்துவிடும். ஒரு தீப்பெட்டியின் முகத்திற்குள் அத்தனை ஊர்களின் வயல்களும் அடங்கும்! மாநிலத் திட்டம் தீட்டுவார்க்கு அப்படம் பயன்படும்; மறுப்பதற்கில்லை. ஓர் ஏக்கர் உடையவனுக்கு அது வெறும் நிறப்பூச்சே.

2015இல் நடுவணரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. காரக் காடி நிலை, உப்பின் அளவு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் எனப் பன்னிரண்டு கூறுகளை ஆய்ந்து கூறும் அட்டை அது. நல்ல முயற்சியே. எனினும் அதன் அமைப்பை உற்றுநோக்குதல் வேண்டும். நீர்ப்பாய்ச்சல் உள்ள நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒரு மண்மாதிரி. வானம்பார்த்த நிலத்திற் பத்து எக்டருக்கு ஒன்று. தமிழகத்தில் ஓர் உழவரின் நிலவுடைமை, நிரவிப் பார்த்தால், 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 எக்டர். ஆக, ஒரு மாதிரிக்குள் மூன்று உழவர்க்கு மேல் அடங்குவர். வானம்பார்த்த நிலத்திலோ பதின்மூவர். ஒருவர் வயலிலிருந்து எடுத்த மண்ணின் முடிவு மற்றவர்க்கும் அட்டையாக வழங்கப்பெறும். வரப்புக்கு வரப்பு மண் மாறும் பள்ளத்தாக்கில் இதனைத் தன் நிலத்தின் நிலை என்று உழவன் எவ்வாறு நம்புவான்?

அதனினும் பெரிய குறை ஆழத்தைப் பற்றியது. நெல் போன்ற பயிர்க்கு மேலே 15 செ.மீ. வரை வெட்டி எடுப்பது மாதிரி. ஆய்வகத்தில் உரக்கணக்குப் பார்ப்பதற்கு அது போதும். தென்னைக்கும் மாவுக்கும் கொடிக்கும் வேர் செல்லும் ஆழம் வேறு. 30, 60, 90 செ.மீ. என மூன்று படிகளில் தனித்தனியே மண் எடுத்தால்தான் உண்மை விளங்கும். மேலே செழிப்பான அரையடி மண்ணும் கீழே பாறையும் கொண்ட நிலம், மேலோட்ட ஆய்வில் முதல்தர நிலமாகவே தோன்றும்.

இங்கே இரண்டைப் பிரித்து உணர்தல் வேண்டும். மண்ணிலுள்ள தழை, மணி, சாம்பற் சத்துகள் பருவத்திற்குப் பருவம் மாறுவன. அவற்றை அடிக்கடி ஆய்தல் வேண்டும். மண்ணின் ஆழம், களி மணல் விகிதம், சரிவு, சரளை, சுக்கான், நீர் வடியும் இயல்பு ஆகியன எளிதில் மாறா. அவற்றை ஒருமுறை செம்மையாகப் பார்த்து வரைந்துவிட்டால் இரண்டு மூன்று தலைமுறைக்குப் போதும். முன்னதைக் கூறுவது மண்வள அட்டை. பின்னதைக் கூறுவதே மண்படம். எவ்வளவு உரம் இடுவது என்பதற்கு அட்டை விடை தரும். எப்பயிரை நடுவது என்பதற்கு மண்படமே விடை தரும். அட்டையை வழங்கிவிட்டு மண்ணை அறிந்துவிட்டதாகக் கருதுவது, நாடி பார்த்துவிட்டு எலும்பையும் பார்த்ததாகக் கூறுவதை ஒக்கும்.

அத்தகைய படம் இயலாததொன்றா? இல்லை. அண்டையிலுள்ள கருநாடகம், உலக வங்கியின் கடனுதவியோடு நடத்திய சுசலா மூன்றாம் கட்டத் திட்டத்தில், ஊர்ப் புலப்படத்தையே அடிப்படையாகக் கொண்டு, ஒன்றுக்கு 7,920 என்னும் அளவில் நிலவள வரைவு எடுத்தது. அவ்வளவிற் பத்து ஏக்கர் ஒரு சதுர அங்குலமாகப் படத்தில் நிற்கும். ஒவ்வொரு புல எண்ணும் கண்ணுக்குத் தெரியும். குழிகள் தோண்டி, மண்ணடுக்குகளைப் பார்த்து, சரிவையும் ஆழத்தையும் குறித்து, எந்தப் புலத்திற்கு எப்பயிர் பொருந்தும் என்று பிரித்தனர். பிரிக்கும் முறையும் புதிதன்று. உலக உணவு வேளாண் அமைப்பு 1976இலேயே அதற்கொரு சட்டகம் வகுத்துத் தந்தது. மிகப் பொருந்துவது, நடுத்தரமாகப் பொருந்துவது, அரிதிற் பொருந்துவது, இப்போது பொருந்தாதது, எப்போதும் பொருந்தாதது என்பன அதன் ஐந்து படிகள்.

தமிழ்நாட்டரசும் வாளா இருக்கவில்லை. 'தமிழ் மண்வளம்' என்னும் பெயரில் 2023இல் இணையவழி ஒன்று திறக்கப்பெற்றது. புல எண்ணைக் கொடுத்து மண்ணின் வளத்தையும் ஏற்ற பயிரையும் அறிய அது வழி செய்கின்றது. தமிழிற் பெயரும் தமிழில் விளக்கமும் கொண்ட அம்முயற்சி பாராட்டற்குரியது. ஆனால் அதன் பின்னே நிற்கும் மாதிரிகள் புலந்தோறும் எடுக்கப்பெற்றவையாகவும், ஆழம் பார்த்தவையாகவும் ஆகும்போதே அது முழுமை பெறும். வாயில் அழகாக அமைந்துவிட்டது. உள்ளே வீடு இன்னும் கட்டப்பெற வேண்டும்.

இனி மொழியைப் பற்றிய செய்திக்கு வருவோம் எனச் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். மண்ணறிவியலுக்கும் தனித்தமிழுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் உளர். அவர்க்கு வரலாறே விடை கூறுகின்றது.

மண்ணறிவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் வசீலி தொக்குச்சாயெவ், உருசிய நாட்டுக் கரிசலைப் பற்றிய தம் நூலை 1883இல் வெளியிட்டார். நிசினி நோவ்கொரோது பகுதியில் அவர் மண் பார்க்கப் புகுந்ததும் நிலவரி மதிப்பீட்டிற்காகவே. அங்கும் தொடக்கம் வரிதான். ஆனால் முடிவு வரியாக இல்லை. அவர் தம் நாட்டு உழவர் வாயில் வழங்கிய சொற்களையே அறிவியலுக்குப் பெயராக்கினார். 'செர்னோசெம்' என்றால் உருசிய மொழியிற் கருமண். சாம்பல் நிறத்து மண்ணுக்கு அந்நாட்டார் வழங்கிய 'போத்சோல்' என்பதும் அவ்வாறே நூலேறியது. இன்று அமெரிக்காவிலும் சப்பானிலும் மண்ணறிஞர் அச்சொற்களை அப்படியே ஒலிக்கின்றனர். உழவனின் சொல் அறிவியலின் சொல்லாயிற்று. அறிவியலும் உழவனுக்கு அயலாகவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சி சேரநாட்டில் நடந்தது. ஆங்கிலக் கும்பினியின் பணியிலிருந்த பிரான்சிசு புக்கானன், மலையாளக் கரையில் அங்காடிப்புரத்தை ஒட்டி, ஈரமாக இருக்கும்போது கத்தியால் அறுத்தெடுத்துக் காற்றில் உலர்த்திக் கட்டடத்திற்குப் பயன்படுத்தும் செம்மண்கல்லைக் கண்டார். அந்நிலத்தார் அதனை இட்டிகைக் கல் என்று வழங்குவதையும் குறித்தார். இட்டிகை என்பது செங்கல். அதே பொருளில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'இலாட்டரைட்டு' என்றொரு பெயரை அவர் ஆக்கி, 1807இல் வெளிவந்த தம் செலவுநூலில் எழுதினார். உலகம் இலத்தீனை ஏற்றுக்கொண்டது. மண்ணும் கல்லும் அறிவும் இந்நிலத்துடையவை, பெயர் மட்டும் அயலது. உருசியர் தம் சொல்லுக்கு உரிமை கொண்டாடினர், இங்குள்ளார் கொண்டாடவில்லை. வேறுபாடு அவ்வளவே.

தமிழாற் கூடும் என்பதற்கு வெளியே சென்று சான்று தேட வேண்டுவதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்னும் மூன்று சொற்களே போதும். ஒன்று தழையை வளர்ப்பது; ஒன்று மணியைப் பிடிக்கச் செய்வது; ஒன்று சாம்பலிற் கிடைப்பது. வேதியலே பயிலாத உழவரும் இம்மூன்றையும் கேட்டவுடன் பயனை உணர்கின்றனர். உரக்கடையிற் சென்று கேட்டும் வாங்குகின்றனர். இவற்றுக்கு அயன்மொழிப் பெயர்களையே வழங்கியிருந்தால் இவ்வறிவு கொல்லை வரையில் வந்திருக்குமா? சொல் விளங்கியது, ஆகவே செயல் விளைந்தது.

மண்ணுக்கும் அத்தகைய சொற்கள் தென்பாண்டி நாட்டிற் குவிந்து கிடக்கின்றன. செவல், கரிசல், வண்டல், படுகை, கரம்பை, சவுடு, சரளை, சுக்கான், களர், உவர், பொருக்கு என ஊர்தோறும் கேட்கலாம். களரும் உவரும் ஒன்றென எண்ணுவார் உளர், ஒன்றல்ல. உவர்நிலத்தில் மிகுந்திருப்பது கரையும் உப்பு. நல்ல நீர் கட்டி வடித்தால் பெரிதும் தீரும். களர்நிலத்திற் களிமண்ணோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பதால் நீர் கட்டுவது மட்டும் போதாது. சுண்ணாம்புச் சத்துள்ள சிப்சம் இட்டு, பின்னரே நீர் கட்டி வடித்தல் வேண்டும். மருந்து வேறாகலின் பெயரும் வேறாக இருத்தல் இன்றியமையாதது. அவ்வேறுபாட்டைத் தமிழ் முன்னரே தன்னுள் வைத்திருந்தது.

மண்ணளவை அறிஞர், ஒரு மண்வகையை முதலிற் கண்ட ஊரின் பெயராலேயே அதனை வழங்குவர். இருகூர், பீளமேடு, பெரியநாயக்கன்பாளையம், நொய்யல், பாலவிடுதி என்னும் தமிழ்ப்பெயர்கள் மண்தொடர்களின் பெயர்களாக ஆய்வேடுகளில் நிற்கின்றன. பெயர் தமிழாக இருந்தும் அவற்றை விளக்கும் அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே உறங்குகின்றன. இருகூர் மண் எத்தகையது என்பதை இருகூரிலுள்ள உழவர் படித்தறிய இயலாத நிலை, நகைப்பிற்கும் நாணத்திற்கும் உரியது.

இவ்விடத்தில் இரு சாரார் கூற்றையும் நேர்மையாக ஆராய்தல் வேண்டும். முன்னோர் அறிவே போதும், ஆய்வகம் எதற்கு என்பார் ஒருசாரார். அது தமிழ்ப்பற்று ஆகாது. கண்ணால் நிறத்தையும் கையாற் பிசைந்து களியையும் அறியலாம். துத்தநாகக் குறைவையும் போரான் மிகையையும் அவ்வாறு அறிய இயலாது. செவல் என்னும் ஒரே சொல்லுக்குள் ஆழமான செம்மண்ணும் அரையடிச் செம்மண்ணும் அடங்கிவிடுகின்றன. ஆகவே வழக்குச்சொல்லை எடுத்துக்கொண்டு, அளவையால் அதற்கு வரையறை தருதலே முறை. தொக்குச்சாயெவ் செய்ததும் அதுவே.

சந்தை விலையே பயிரை முடிவு செய்கின்றது, மண்படம் விலை தருமா என்பார் மற்றொருசாரார். தாராது. ஆனால் ஒவ்வாத மண்ணில் ஒரு பயிரை விளைவிக்கக் கூடுதல் உரமும் கூடுதல் நீரும் கூடுதல் மருந்தும் வேண்டும். விலை வீழும்போது முதலில் வீழ்பவன் அச்செலவைச் சுமந்தவனே. ஒத்த மண்ணில் ஒத்த பயிரை வைத்தவன் அதே விலைவீழ்ச்சியைத் தாங்கி நிற்பான். மண்படம் ஊதியத்திற்கு உறுதி கூறாது. இழப்பின் ஆழத்தைக் குறைக்கும். கடன்பட்டுப் பந்தலிடும் சிற்றுழவர்க்கு அக்குறைவே வாழ்வுக்கும் வீழ்வுக்கும் இடையிலுள்ள வரம்பு.

ஆகலின் செய்ய வேண்டுவன இவை:

ஒன்று: கம்பம் பள்ளத்தாக்கை முதற்களமாகக் கொண்டு, ஊர்ப் புலப்படத்தின் மீது, ஒவ்வொரு புல எண்ணும் தெரியும் அளவில் மண்படம் வரைதல் வேண்டும். ஆழக்குழி தோண்டிப் பாராத படத்தை முழுமையான படம் எனக் கொள்ளலாகாது.

இரண்டு: 'அ' பதிவேட்டில் ஊமையாய் நிற்கும் மண்ணெண்ணின் பொருளை ஊர்தோறும் தமிழில் எழுதி ஒட்டுதல் வேண்டும். வரிக்காகச் செய்யப்பெற்றதாயினும், நூறாண்டுக்கு முந்தைய மண்ணின் நிலையை அறிய அஃதொரு சான்று.

மூன்று: மண்ணளவை அறிக்கைகள் அனைத்தும் தமிழில் வெளிவருதல் வேண்டும். உழவர் வழங்கும் மண்பெயர்களை வட்டந்தோறும் தொகுத்து, அளவைப்படி வரையறுத்து, அச்சொற்களையே படத்தில் எழுதுதல் வேண்டும்.

நான்கு: பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் மாவட்டத்திலேயே உள்ளன. பந்தலோ தோப்போ அமைக்கக் கடன் கேட்கும் உழவர்க்கு, கடனுக்கு முன்னரே குழி தோண்டி மண் பார்த்துக் கூறும் பணியை அவற்றின் துணையோடு அரசு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

ஐந்து: பள்ளி மாணவர்க்குத் தம் ஊர் மண்ணைக் காட்டிக் கற்பித்தல் வேண்டும். ஐந்திணையை மனப்பாடம் செய்யும் மாணவன், தன் பள்ளிக்குப் பின்னுள்ள வயல் எவ்வகை மண் என்று கூற அறியானாயின், அவன் கற்றது பாட்டின் சொல்லையே யன்றிப் பொருளையன்று.

இவற்றை அரசு செய்யும் வரை உழவர் காத்திருக்கவும் வேண்டா. பயிரை மாற்ற எண்ணுவோர், நடுவதற்கு முன் தம் நிலத்தில் இரண்டு மூன்று இடங்களில் மார்பளவு குழி தோண்டிப் பார்க்கலாம். எத்தனை அடியில் நிறம் மாறுகின்றது, எங்கே இறுகுகின்றது, எங்கே சுக்கான் தட்டுகின்றது, ஊற்றிய நீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகின்றது என்பவற்றைக் குறிக்கலாம். அடுக்கடுக்காய் மண் எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பலாம். ஒருநாள் உழைப்பு; பல ஆண்டு இழப்பைத் தடுக்கும். ஓர் ஊரில் இருபது பேர் இதனைச் செய்து ஒரே தாளிற் குறித்தால், அவ்வூரின் முதல் மண்படம் அவர்கள் கையாலேயே உருவாகிவிடும்.

மண் தமிழனுடையது என்று மேடையில் முழங்குதல் எளிது. அம்மண் எத்தகையது என்று சொல்லத் தெரிதல் அரிது. தெரியாத ஒன்றன் மேல் கொண்டாடும் உரிமை நெடுநாள் நில்லாது. அரசன் வரிக்கு அளந்தான். அயலான் வரிக்கு அளந்தான். இனி உழவன் தன் பயிர்க்கு அளக்கட்டும். அளந்ததைத் தன் மொழியில் எழுதட்டும்.